அரிசித் தெரு

பாங்காக் நகரத்தின் பழைய பகுதியில் காவ் சான் என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பெயருக்குக் குத்தின அரிசி என்று அர்த்தம். சூலாலங்கார்ன் மன்னர் காலத்தில், 1892-ஆம் ஆண்டில் போட்ட தெரு அது. பக்கத்திலேயே பாங்லாம்புக் கால்வாய். வெளியூர் வயல்களிலிருந்து படகில் வந்த அரிசி மூட்டைகள் அந்தக் கால்வாய்க் கரையில் இறங்கின. இந்தத் தெருவில் விலை பேசப்பட்டன. பிறகு நகரத்தின் உலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தெருவின் நீளம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. நம் ஊர்த் தேரோடும் வீதியில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த அரிசித் தெருவில் அரிசி மண்டியைத் தேடிப் பிரயோஜனமில்லை. முதுகிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு தேசம் தேசமாகச் சுற்றுகிற இளைஞர்களின் ராஜ்யமாக அது மாறிவிட்டது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே தங்கும் அறைகள். நடுநடுவே துணி வெளுக்கிற கடை, சடை பின்னிவிடுகிற கடை, காலைப் பிடித்துவிடுகிற கடை. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு பாட்டை முழக்க ஆரம்பிக்கிறது. வறுத்த தேளைக் குச்சியில் குத்தி மூக்குக்கு நேரே நீட்டுகிறார்கள். அதைத் தின்கிறவர்களைக் காட்டிலும் படம் பிடிக்கிறவர்கள் அதிகம். படம் பிடிப்பதற்கும் காசு உண்டு என்று தெரிந்தவுடன் நான் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சிக்கனமாக ஊர் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தோடு அந்தத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் நானும் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அறையில் கட்டில் போக மீதி இடத்தில் என் பெட்டி இருந்தது. பெட்டி போக மீதி இடத்தில் நான் இருந்தேன். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை சின்னதாக இருந்தால் மனிதன் வீதியிலே அதிக நேரம் இருப்பான். வீதியில் இருக்கிறவனுக்குத்தான் ஓர் ஊரின் சரித்திரம் கண்ணில் படும்.

என் கண்ணில் முதலில் பட்டது ஒரு கேள்வி. இந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த அரிசிக்காரர்கள் எங்கே போனார்கள்? வருகிறவனுக்கு இடம் வேண்டும் என்றால் இருக்கிறவன் எழுந்திருக்கத்தானே வேண்டும்? இந்தக் கேள்வியைக் கைவிளக்குப் போலப் பிடித்துக்கொண்டு நடந்தால் பாங்காக்கின் இருநூற்று நாற்பது வருஷக் கதையில் பாதி விளங்கிவிடுகிறது.

அந்தக் கதை இன்னொரு நகரத்தின் அழிவில் தொடங்குகிறது. நம்முடைய அயோத்தியின் பெயரைத் தாங்கிய அயுத்யா, நானூறு வருஷத்துக்கு மேல் சயாமின் தலைநகராக விளங்கியது. 1767-ல் பர்மியப் படை அதைச் சூறையாடித் தீக்கிரையாக்கிற்று. தப்பிச் சென்ற படைத் தலைவர்களில் ஒருவரான தக்சின், சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியைத் தலைநகராக்கிக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் ஆண்டார். 1782-ல் அவர் வீழ்ந்தார். அவருடைய தளபதியே அரியணை ஏறினார். இன்றைக்கும் அந்நாட்டில் அரசு புரியும் சக்ரி வம்சத்தின் முதல் மன்னர் அவர். முதலாம் ராமர் என்று பிற்காலத்தார் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

புதிய ராஜா தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். மேற்கேயிருந்து பர்மியர் வந்தால் ஆறே அகழியாக நிற்கும் என்பது அவர் கணக்கு. ஆற்றின் வளைவுக்குள்ளே அரண்மனைக்கு ஏற்ற மேட்டு நிலமும் இருந்தது. ஒரே ஓர் இடைஞ்சல். அந்த இடத்தில் ஏற்கெனவே சீன வியாபாரிகள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அவர்களை மதிலுக்கு வெளியே, தெற்கே சாம்பெங் என்ற பக்கத்துக்குப் போகச் சொல்லி உத்தரவாயிற்று. போனார்கள். ஏப்ரல் 21-ஆம் தேதி நகரத் தூணை நாட்டினார்கள். பாங்காக் பிறந்த நாளாக அதைத்தான் கொள்கிறார்கள். சட்டியும் பெட்டியுமாகச் சீனக் குடும்பங்கள் மூட்டை கட்டிய நாள் எது என்று யாரும் கொண்டாடுவதில்லை.

அரண்மனைக்குள் நுழைய அயல்நாட்டாரிடம் வாங்குகிற கட்டணத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தால் சிக்கனக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனாலும் பார்க்காமல் வரக்கூடாது. சுற்றுப் பிரகாரச் சுவரில் 178 கட்டங்களாக ராமாயணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அனுமார் வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு அரண்மனை ஒன்றை விழுங்குகிறார். கருவறையில் மரகத புத்தர். பச்சைக் கல்லில் செய்த அந்த விக்கிரகத்தின் உயரம் 66 சென்டிமீட்டர்தான். வருஷத்துக்கு மூன்று முறை, பருவத்துக்கு ஒன்றாக, அதற்கு ஆடை மாற்றுகிறார் மன்னர்.

இந்தப் புத்தரும் அந்த மண்ணுக்கு வந்தவர்தான். லாவோஸ் நாட்டு வியன்தியான் நகரத்தைப் பிடித்த சயாம் படை, 1779-ல் அவரைக் கொண்டுவந்தது. அவரைக் கொண்டுவந்த தளபதிதான் பிறகு முதலாம் ராமராக முடி சூடியவர். மதிலுக்கு வேண்டிய செங்கலில் ஒரு பகுதி, இடிந்த அயுத்யாவிலிருந்து படகுகளில் வந்தது. நகரைச் சுற்றிக் கால்வாய் வெட்டப் பத்தாயிரம் கெமர்களும், மதில் எழுப்ப ஐயாயிரம் லாவோக்களும் திரட்டப்பட்டார்கள் என்று அரச வரலாற்றேடு சொல்கிறது. கல் வந்தது, கடவுள் வந்தார், கூலியாட்கள் வந்தார்கள். இந்த நகரத்தில் பூர்வீகமானது என்று சொல்லிக்கொள்ள ஆறு ஒன்றுதான் உண்டு போலும்.

அந்த ஆற்றிலே படகில் போவதுதான் இன்றைக்கும் பாங்காக்கைப் பார்க்க மிகவும் மலிவான வழி. கொடி கட்டிய நீளப் படகு துறைக்குத் துறை நிற்கிறது. ஒரு சீழ்க்கை ஒலியில் கரையோடு ஒட்டுகிறது. மறு சீழ்க்கையில் கிளம்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே குதிக்கத் தெரிந்தவர்கள் ஏறிக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், காவி கட்டிய பிக்ஷுக்களும், காய்கறிக் கூடைக்காரிகளும், நம்மைப் போன்ற பராக்குப் பார்க்கிறவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறோம். எதிர்க்கரையில் வாட் அருண் கோயிலின் கோபுரம் சீனப் பீங்கான் துண்டுகளைப் பதித்த உடம்போடு மினுங்குகிறது. அருணன் பெயர்கொண்ட கோயில் அது.

படகை விட்டு இறங்கிச் சாம்பெங்கில் நடந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் சந்து. பொத்தான், நாடா, செருப்பு, பொம்மை என்று எதையும் டஜன் கணக்கில் விற்கிறார்கள். அன்றைக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும், அவர்களுக்குப் பின்னால் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தவர்களும் கட்டிய அங்காடி அது. சிக்கன யாத்திரிகனின் பசியாற்றுகிற அரிசிச் சேமியா வறுவலும் அவர்களுடைய இரும்புச் சட்டியில் பிறந்ததுதான். பிபுன் சோங்கிராம் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில் அரசாங்கமே அதைத் தேசிய உணவாகப் பரப்பியது. ‘பாட் தாய்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு அது இன்று உலகம் சுற்றுகிறது.

சாம்பெங்குக்குப் பக்கத்தில் வாட் திரைமித் என்ற கோயிலில் ஒரு புத்தர் இருக்கிறார். சுண்ணச் சாந்து பூசிய சாதாரணச் சிலை என்று நெடுங்காலம் அவரை ஒரு தகரக் கூரையின் கீழ் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். 1955-ல் புதிய மண்டபத்துக்கு மாற்றும்போது சிலை நழுவியது, சாந்து விண்டது, உள்ளே தங்கம் தெரிந்தது. எடை ஐந்தரை டன். எதிரிகளின் கண்ணுக்குத் தப்புவதற்காக யாரோ எப்போதோ பூசிய பூச்சு, உடையவர்களையே ஏமாற்றிவிட்டது!

சாம்பெங் வழியாகப் போகும் சாரோன் குரூங் வீதிக்கும் ஒரு கதை உண்டு. அதுவரையில் அந்த நகரத்துக்குக் கால்வாய்தான் வீதி. 1855-ல் பிரிட்டனோடு பௌரிங் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஐரோப்பிய வியாபாரிகள் வந்து நிறைந்தார்கள். மாலையில் குதிரை வண்டியில் காற்று வாங்கச் சாலை இல்லாமல் தங்கள் தேக சுகம் கெடுகிறது என்று 1861-ல் மங்குட் மன்னரிடம் விண்ணப்பித்துக்கொண்டார்கள். மன்னர் இணங்கினார். 1864-ல் சாலை முடிந்தது. பிறகு சாலைமேல் சாலையாகப் போட்டு, கால்வாய்களில் பலவற்றைத் தூர்த்துவிட்டார்கள். விருந்தாளி காற்று வாங்க ஆசைப்பட்டதில் வீட்டின் வாசலே திசை மாறிப்போயிற்று.

விருந்தாளி என்ற சொல்லை நான் சும்மா எடுக்கவில்லை. அந்தச் சாலையிலிருந்து பிரியும் சீலோம் வீதியில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது வீதி முழுவதும் தாய்லாந்து மக்கள் மஞ்சள் மலர் தூவித் தட்டு வைத்துக் காத்திருப்பார்கள். அந்தக் கோயிலை அவர்கள் ‘வாட் கேக்’ என்கிறார்கள். இந்தியர், மலாய்க்காரர், அராபியர் எல்லாரையும் ‘கேக்’ என்பது அவர்கள் வழக்கம். அதே சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள்.

நம்மவர்களில் அதைவிடப் பழைய விருந்தாளிகளும் உண்டு. நகரின் நடுவே, சிவப்புச் சாயம் பூசிய இரண்டு தேக்குத் தூண்கள் இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. 1784-ல் நிறுவிய பெரிய ஊஞ்சலின் சட்டம் அது. சிவபெருமான் ஆண்டுக்கொரு முறை பத்து நாள் பூமிக்கு விருந்தாக வருகிறார் என்பது ஐதீகம். அவர் பொழுதுபோக்குக்காக ஆட்கள் ஊஞ்சலில் நின்று வானளாவ ஆடி, மூங்கிலின் உச்சியில் கட்டிய காசுப் பையைப் பல்லாலே கவ்வினார்கள். 1935-ஆம் ஆண்டோடு ஆட்டம் நின்றுவிட்டது. 2007-ல் தூண்களை மட்டும் புதிய தேக்கில் மாற்றினார்கள். ஆனால் அந்தத் திருவிழாவின் பெயரைக் கேளுங்கள்: ‘திரியம்பாவாய்’. திருமாலுக்கு உரிய நாட்களில் ‘திரிபாவாய்’. திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்! அரசவைப் பிராமணர்கள் உருமாறிய உச்சரிப்போடு அந்தப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்ததைத் தனிநாயக அடிகள் முதலான அறிஞர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பொருள் மறந்துபோன பிறகும் பாட்டு நிலைத்துவிட்டது. மார்கழிக் குளிரில் பாடுகிற பாட்டுக்கு, குளிரே அறியாத ஓர் ஊரில் இப்படி ஒரு யோகம்!

இதுவரை சொன்ன விருந்தாளிகள் எல்லாருக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. சீனர்களும், மாரியம்மன் கோயில் கட்டியவர்களும், பாவை ஓதிய பிராமணர்களும் வந்தார்கள், அங்கேயே தங்கினார்கள், அவர்களுடைய பிள்ளைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளானார்கள். ஒருவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்கார்த்தியபோதும், உட்கார்ந்தவர் குடித்தனம் நடத்தினார். தங்காத விருந்தாளிகளின் யுகம் பிறகுதான் வந்தது.

1960-களிலும் 70-களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல், காபூல், டில்லி, காத்மாண்டு என்று தரை வழியாகவே கிழக்கே வந்துகொண்டிருந்தார்கள். 1975-ல் வீலர் தம்பதிகள், குறைந்த செலவில் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றுவதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். 1979-ல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் ருஷ்யப் படையும் வந்து தரை வழியை அடைத்துவிட்டன. ஆகாய வழி மலிந்தது, பாங்காக் வாசற்படியாயிற்று. 1982-ல் நகரத்தின் இருநூறாவது ஆண்டு விழா நடந்தபோது கூட்டம் வந்து குவிந்தது. அந்த ஆண்டுகளில்தான் காவ் சான் குடும்பங்கள் சில, வீட்டில் ஓர் அறையை ஒழித்து வாடகைக்கு விடத் தொடங்கின. ஓர் அறை இரண்டாயிற்று, வீடு விடுதியாயிற்று, குடும்பம் வேறு எங்கோ குடிபோயிற்று. 1996-ல் வெளியான அலெக்ஸ் கார்லண்டின் ‘தி பீச்’ நாவல் அந்தத் தெருவில் ஒரு விடுதியறையில் ஆரம்பமாகிறது. அந்தக் கதையைப் படித்துவிட்டு மூட்டை கட்டினவர்களும் உண்டு. நாவலாசிரியர்கள் எழுதுகிறபோது கொஞ்சம் யோசித்து எழுதவேண்டும்.

இவர்கள் கெட்டவர்கள் அல்லர். எட்டணாவுக்கு நயம் பார்க்கிற நம் இனத்தவர்தான். ஆனால் வந்துபோகிறவன் கண்ணுக்கு ஊர் அழகாக இருக்கவேண்டும் என்று ஆட்சியாளர்கள் நினைக்கத் தொடங்கும்போது, அந்த அழகில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்ற வழக்கு எழுந்துவிடுகிறது. அந்த வழக்கைப் பொன்மலை உச்சியிலிருந்து கண்ணாலேயே பார்க்கலாம்.

பொன்மலை என்பது வாட் சாகேட் கோயிலில் மனிதர்கள் எழுப்பிய செய்குன்று. மூன்றாம் ராமர் காலத்தில் கட்டத் தொடங்கிய பெருந்தூபி, சேற்று மண் தாங்காமல் சரிந்தது. சரிந்த குவியலையே மலையாக்கி, பிற்கால மன்னர்கள் உச்சியில் பொன் தூபி வைத்தார்கள். ஏறுவதற்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள். மேலே நல்ல காற்று. கீழே இருக்கும் நிலத்தின் பழைய கதை அவ்வளவு நல்லதன்று. மதிலுக்குள்ளே பிணம் எரிக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே குடிமக்களின் சடலங்களைப் பேய் வாசல் என்ற ஒரு வாசல் வழியாக வெளியேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். 1820-ல் காலரா கண்டபோது பல்லாயிரம் பேர் மாண்டார்கள். எரிக்க விறகும் ஆளும் இல்லாமல் கழுகுக்கு விட்டார்கள். செத்த பிறகும் ஏழைக்கு மதிலுக்கு வெளியேதான் இடம்.

மலை உச்சியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று எட்டுக் கோணத்தில் ஒரு கோட்டை தெரிகிறது. அதுதான் மஹாகான் கோட்டை. பழைய மதிலில் இருந்த 14 கோட்டைகளில் எஞ்சியவை இரண்டு. காவ் சானுக்கு அருகில் உள்ள பிர சுமேன் ஒன்று, இது ஒன்று. இங்கே மதிலின் ஒரு துண்டும் நிற்கிறது. அந்த மதிலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் மரவீடுகளில் ஏறத்தாழ முந்நூறு பேர் வாழ்ந்தார்கள். சில வீடுகள் நூறு வருஷத்துக்கு மேற்பட்டவை. புறாக் கூண்டு செய்கிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள், வாணம் கட்டுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். லிகே என்னும் நாட்டுக் கூத்து அங்கே ஒரு காலத்தில் கொட்டகை போட்டு நடந்தது.

1992-ல் அந்த நிலத்தைக் கையகப்படுத்த அரசாணை பிறந்தது. வீடுகளை எடுத்துவிட்டுப் பூங்கா வைத்தால் மதிலும் கோட்டையும் பார்வையாக இருக்கும் என்பது திட்டம். அவர்கள் போகவில்லை. பழைய வீடுகளைப் பாதுகாத்து நாங்களே காவல் இருக்கிறோம், வருகிறவர்களுக்குக் காட்டுகிறோம், வாடகையும் தருகிறோம் என்று மாற்றுத் திட்டம் கொடுத்தார்கள். பேராசிரியர்கள் துணை நின்றார்கள். நீதிமன்றம், பேச்சுவார்த்தை, மதில் வாசலில் இரவுக் காவல் என்று இருபத்தைந்து வருஷங்கள் கழிந்தன. ஒவ்வொரு வீடாக இடிந்தது. 2018 ஏப்ரலில் கடைசிக் குடியிருப்பாளர்களும் வெளியேறினார்கள். ராஜாவின் ஆணையால் சீனர்கள் நகர்ந்த ஏப்ரலுக்கு 236 வருஷங்களுக்குப் பிறகு வந்த ஏப்ரல் அது. அதே ஆண்டு ஆகஸ்டில், காவ் சான் நடைபாதையில் பகல் வேளையில் கடை போடக்கூடாது என்று நகராண்மை உத்தரவிட்டது. 2020-ல் கொள்ளைநோய் வந்தபோது, யாருக்காக இவ்வளவும் செய்தார்களோ அந்த விருந்தாளிகளே வரவில்லை. அரிசியும் இல்லாமல், ஆளும் இல்லாமல், அரிசித் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

சீனர்களுக்குச் சாம்பெங் கிடைத்தது. மதிலுக்கு வெளியே தள்ளியவர்கள் இன்னொரு நகரத்தையே கட்டிக்கொள்ள அன்றைக்கு நிலம் இருந்தது, காலம் இருந்தது. மஹாகான் கூண்டுக்காரருக்கு அப்படி ஒரு சாம்பெங் இல்லை. தலைக்கொரு திசையாகப் பிரிந்துபோனார்கள். ஒரு வீட்டை இடித்தால் வேறு வீடு கட்டலாம். முந்நூறு பேர் ஒருவருக்கொருவர் அண்டையாக இருந்ததை இடித்துவிட்டால் அதைக் கட்டித்தர எந்தக் கொத்தனாரால் முடியும்?

மலிவாக ஊர் சுற்றுவதில் எனக்கு ஆசை குறையவில்லை. கால் நடையும் பொதுப்படகும் காட்டுவதை மோட்டார் காட்டாது. ஆனால் மலிவு என்பது விலை இல்லாமை அல்ல. அந்த விலையை வேறு ஒருவர் கொடுத்துவிட்டார் என்பதே அதன் பொருள். நூறு படகு பார்த்த துறையில் ஏறும்போது அந்தத் துறையை யார் வெட்டினார்கள் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது, விருந்தாளி செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

நான் போனபோது கோட்டையை ஒட்டிய பான்ஃபா துறையிலிருந்து சேன் சேப் கால்வாய்ப் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. அன்னாமியரோடு நடந்த போருக்குப் படையும் உணவும் அனுப்ப 1837 முதல் 1840 வரை சீனக் கூலிகளைக் கொண்டு வெட்டிய கால்வாய். கறுத்த தண்ணீர் மேலே தெறிக்காமல் இருக்கப் பயணிகளே கயிற்றை இழுத்துப் பக்கத்துப் படுதாவை உயர்த்திக்கொள்ள வேண்டும். படகுக்காகக் காத்திருந்த நேரத்தில் மதிலுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவை எட்டிப் பார்த்தேன். புல்லைச் சீராக வெட்டியிருந்தார்கள். பாதையைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். பெரிய மரங்கள் சில, முன்பு வீடுகளுக்கு நிழல் கொடுத்த இடத்தில் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றன. அந்த நிழலில் உட்கார ஒருவரும் இல்லை.